தாமரையின் அப்பாவை நான் சாகவிடவில்லை

உங்களில் ஒருவர் போன வாரம் எனக்கு ஃபோன் செய்தார். பத்து வயதுப் பிள்ளைகளுக்கான கதையில் ஒருவர் சாகலாமா, செத்த பிறகு அவர் எங்கே போனார் என்று எழுதலாமா, எழுதினால் எது வரைக்கும் எழுதலாம் என்று கேட்டார். ஐந்து நிமிடத்தில் சொல்கிற மாதிரி என்னிடம் பதில் இல்லை என்றேன். அப்படியானால் எழுதி அனுப்புங்கள், சிறுவர் இதழ் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த நாங்கள் ஐந்து பேரும் படிக்கிறோம் என்றார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவளிடம் எழுதி அனுப்பச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. இனி நீங்கள் பட வேண்டியதுதான்.

காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஒரு மாடியில், சிறுவர் மாத இதழ் ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். பிழை திருத்துகிறவளாகச் சேர்ந்து ஆசிரியராக வெளியே வந்தேன். இதழை ஆரம்பித்தவரை நாங்கள் பெரியவர் என்போம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பிள்ளைகள் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் நாலு வரியாவது பதில் போக வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். பதில் எழுதுகிறவர் பெயர் ‘அத்தை’. வருடக்கணக்காக அந்த அத்தை நான்தான்.

அவருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. எங்கள் இதழில் யாரும் சாகக் கூடாது. “கதைக்குள்ள வந்த உசுரு கதை முடியிறப்பவும் உசுரோட இருக்கணும்” என்பார். நான் அதில் கை தேர்ந்தவளானேன். முயலைத் தின்ன வந்த புலிக்கு அந்த நேரம் பார்த்துப் பல்வலி வந்துவிடும். அரக்கன் மனம் திருந்தித் தவத்துக்குக் கிளம்பிவிடுவான். கிழட்டு யானை வேறு காட்டுக்குப் போய்விடும். அந்த வேறு காட்டில் இந்நேரம் நிற்க இடம் இருக்காது. மனிதர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவேன். கப்பலிலோ விமானத்திலோ ஏற்றிவிட்டால் கதையில் அவர் தொல்லை முடிந்தது.

எங்கள் ஊரில் இருந்துகொண்டு அதைச் செய்ததுதான் என் மடத்தனம். இங்கே தெருவுக்குப் பத்து வீட்டில் யாராவது ஒருவர் கடல் தாண்டித்தான் இருப்பார். அப்பா என்றால் வாரம் ஒரு தடவை ஃபோனிலும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நேரிலும் வருகிறவர் என்று நினைத்து வளரும் பிள்ளைகள் எத்தனையோ பேர் எங்கள் இதழைப் படித்தார்கள். இந்த ஊரில் செத்தவரை வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

நெற்குப்பையில் ஒரு ஆச்சி எங்களுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தார். ஆச்சி என்றதும் பல் போனவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் நகரத்தார் வீட்டுப் பெண்களை வயது பார்க்காமல் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கு அப்போது நாற்பது வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆறு பகுதிகளில் முடிகிற தொடர் ஒன்று எழுதி மொத்தமாக அனுப்பினார். தாமரை என்று ஒரு சிறுமி, லாரி ஓட்டும் அப்பா. நாலாவது பகுதியில் அப்பா காய்ச்சலில் படுத்து இறந்துபோகிறார். அதற்குப் பிறகு இரண்டு பகுதிகள் முழுக்க, அப்பா இப்போது எங்கே இருக்கிறார் என்று தாமரை ஊரில் ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டு போவாள்.

நான் படித்தேன், அழுதேன், ஆச்சிக்கு ஃபோன் செய்து அப்பாவைப் பிழைக்க வையுங்கள் என்றேன். பெரியவரின் சட்டத்தையும் சொன்னேன். ஆச்சி சத்தம் போடவில்லை.

“எங்க வீட்டுல படைப்பு அன்னைக்கு, செத்துப்போன எங்க ஆளுகளையெல்லாம் நெனச்சு சமைச்சுப் படைக்கிறோம். அதே சாப்பாட்டைப் பிள்ளைக பந்தியில உக்காந்து சாப்புடுதுக. ஒரு பிள்ளையும் பயந்து நான் பாத்ததில்லை. ஒங்க பத்திரிகையிலதான் பயப்படுறீக” என்றார்.

கடைசியில், மாற்றுவதென்றால் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள், என் கையால் செய்ய மாட்டேன் என்று வைத்துவிட்டார். நான் மாற்றினேன். தாமரையின் அப்பாவுக்குக் காய்ச்சல் குணமானது. உடனே வெளிநாட்டில் லாரி ஓட்ட வேலை கிடைத்தது. ஐந்தாவது பகுதியில் என் சொந்தச் சரக்காகப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியைச் சேர்த்தேன். “உங்கப்பா இனிமேல் வர மாட்டார்” என்று அவள் தாமரையிடம் புரளி சொல்வாள். தாமரை அதை நம்பாமல், அவளோடு பேசுவதையே நிறுத்திவிடுவாள். கதையில் விறுவிறுப்பு வேண்டுமல்லவா.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தத் தொடர் என் கைக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்னால் என் கணவர் இறந்துபோயிருந்தார். நாச்சியாபுரத்தில் எங்களுக்கு வயல். காலையில் மடை பார்க்கப் போனவரை மதியம் கட்டிலில் வைத்துத் தூக்கிவந்தார்கள். சடங்கு எல்லாம் குறைவில்லாமல் செய்தேன். ஆனால் அவர் இறந்துவிட்டார் என்று ஒரு தடவைகூட நான் வாயால் சொல்லவில்லை. உரக்கடையிலிருந்து அவரைக் கேட்டு ஃபோன் வரும். நான் எடுத்து, “வெளியே போயிருக்காக” என்பேன். அவர்களும் சரி என்று வைத்துவிடுவார்கள். அந்த ஒரு நிமிடம் அவர் நிஜமாகவே வெளியே போயிருக்கிற மாதிரி இருக்கும். அதற்காகவே அந்த ஃபோன்கள் வரட்டும் என்று காத்திருந்தேன்.

அதனால் தாமரையின் கதைக்கு நானே எழுதிய கடைசிப் பகுதி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஒரே மூச்சில் எழுதினேன். திருச்சி விமான நிலையத்தில் இறங்கி, காரில் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும் முன்னால் தொண்டையை ஒரு தடவை செருமிவிட்டு, உள்ளே வந்ததும் வராததுமாக “மோர் இருக்கா?” என்று கேட்பார் தாமரையின் அப்பா. லாரி டிரைவர் அல்ல அவர். என் வீட்டுக்காரர். எழுதி முடித்துவிட்டு நாலு தடவை படித்தேன். அதுவரை நான் எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

தொடர் வர வரக் கடிதங்கள் குவிந்தன. ஐந்தாவது பகுதி வந்த பிறகு கோட்டையூரிலிருந்து ஒரு கடிதம். அந்தச் சிறுமியின் பெயரை ஜெசிமா என்று வைத்துக்கொள்கிறேன், நிஜப் பெயர் வேறு. ஐந்தாம் வகுப்பு. “எங்க அத்தாவும் தாமரையின் அப்பா மாதிரி வெளிநாட்டில் இருக்கிறார்கள். தாமரையின் அப்பா வந்துவிடுவார்களா என்று எனக்கு மட்டும் முன்னாலேயே சொல்லவும்” என்று எழுதியிருந்தாள். அத்தா என்றால் அவர்கள் வீட்டில் அப்பா. நான் வழக்கம்போல ஒரு கார்டு எடுத்து, ‘பொறுமையாகக் காத்திரு. கடைசிப் பகுதி உனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கும். அன்புடன், அத்தை’ என்று எழுதிப் போட்டேன்.

கடைசிப் பகுதி அச்சுக்குப் போக வேண்டிய நாள் ஒரு சனிக்கிழமை. மாலை நாலு மணிக்குள் பக்கங்கள் சிவகாசிக்குப் போக வேண்டும். பதினோரு மணிக்கு அந்தப் பெண் மாடிப்படி ஏறி வந்து நின்றாள். டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கோட்டையூரிலிருந்து டவுன் பஸ் ஏறித் தனியாக வந்திருந்தாள். நீங்கள்தான் அத்தையா என்று கேட்டுவிட்டு, நான் எழுதிய கார்டை மேஜையில் வைத்தாள்.

“தாமரையோட அப்பா எந்தத் தேதிக்கு வாராக?” என்றாள்.

புத்தகம் வந்தால் தெரிந்துவிடுமே, என்ன அவசரம் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னது முழுவதும் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. வீட்டில் எல்லோரும் அத்தா மௌத்தாகிவிட்டார்கள், அதாவது இறந்துவிட்டார்கள் என்கிறார்களாம். ஆனால் அத்தாவை ஊருக்குக் கொண்டுவரவே இல்லையாம். யாரும் பார்க்கவும் இல்லையாம். முதலில் இவளும் நம்பி அழுதாளாம். பிறகு எங்கள் இதழைப் படித்தாளாம்.

“பக்கத்து வீட்டம்மா சொன்னதத் தாமரை நம்பலைல்ல. நானும் நம்பலை. எங்கம்மாகிட்ட நான் பேசுறதில்ல” என்றாள்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று வாரமாக என்றாள். மூன்று வாரத்துக்கு முன்னால்தான் ஐந்தாவது பகுதி வெளியாகியிருந்தது. விறுவிறுப்புக்காக நான் சேர்த்த அந்தப் புரளிக்காரி இப்போது அவளுடைய அம்மா.

அவளிடம் எண் வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய் அவள் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். அவர் இத்தாவில் இருந்தார். கணவர் இறந்த பிறகு நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது, அதில் இன்னும் ஒரு மாதம் பாக்கி இருந்தது. மகளைக் காணோம் என்று தெருவில் ஆள் விட்டுத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். இங்கேதான் இருக்கிறாள் என்றதும் தேடப் போனவர்களைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார். நான் அந்தத் தொடரில் என்ன செய்தேன் என்பதைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அவுக மய்யித்த நாங்க யாருமே பாக்கலை. அங்கேயே அடக்கிட்டாக. பாக்காத ஒண்ண நா எப்புடி அவளுக்குச் சொல்றது? நா சொன்னா நம்ப மாட்டேங்குறா. ஒங்க பொஸ்தகத்தத்தான் நம்புறா. அப்ப நீங்களே சொல்லிருங்க” என்றார்.

இந்த மாதிரி நேரத்தில் நமக்குக் கை வந்த வழிகள் நிறைய உண்டு. ஒரு சாக்லேட் கொடுத்து, பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் கண்ணா என்று ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அத்தா நட்சத்திரமாக இருக்கிறார் என்று ஒரு அழகான வாக்கியம் சொல்லலாம். இரண்டும் என் வாய் வரைக்கும் வந்தன. மேஜையில் கடைசிப் பகுதியின் புரூஃப் கிடந்தது. அறைக்குள் திரும்பி வந்தபோது அவள் அதைப் படித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றி, தொண்டையைச் செருமி, மோர் கேட்கிற இடத்துக்கு வந்திருந்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் விவரிக்கப் போவதில்லை. அது நான் உண்டாக்கியது.

அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“இத எழுதுனது நாந்தான். கதை எழுதுன ஆச்சி இப்புடி எழுதலை. அவுக கதையில தாமரையோட அப்பா நாலாவது பகுதியிலயே செத்துப்போயிட்டாக. நான் அத மாத்திட்டேன்.”

“ஏன் மாத்துனீக?”

“எங்க வீட்டுக்காரரும் செத்துப்போயிட்டாக. அவுக திரும்பி வரணும்னு எனக்கு ஆசை. அதான் வர்ற மாதிரி எழுதிட்டேன்.”

அவள் புரூஃபைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“எழுதுனதுக்கப்பறம் வந்தாகளா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. வரலை.”

ஒன்றரை வருடமாக நான் சொல்லாமல் வைத்திருந்ததை முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். அதுவும் அரை மணி நேரம் முன்னால் பார்த்த ஒரு பத்து வயதுப் பெண்ணிடம். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அவளும் அழுதாள், ஆனால் கொஞ்ச நேரம்தான். அப்புறம் கேட்க ஆரம்பித்தாள். உங்கள் வீட்டுக்காரர் இப்போது எங்கே இருக்கிறார்? தெரியாது என்றேன். அமாவாசைக்கு அமாவாசை அவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் வைப்பேன், காக்கா வந்து எடுக்கும் என்றேன். காக்கா சாப்பிட்டால் அவருக்குப் போகுமா என்றாள். அதுவும் தெரியாது, ஆனால் வைக்காமல் இருக்க முடியவில்லை என்றேன். எங்கள் வீட்டில் அத்தாவுக்காகக் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதுகிறார்கள், மறுமையில் எல்லோரும் எழுந்து வருவார்கள் என்று பள்ளிவாசல் ஹஜரத் சொன்னார், நான்தான் உட்கார்ந்து ஓத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் என்றாள். அத்தாவோடு அங்கே நம் ஊர்க்காரர்கள் யாராவது இருப்பார்களா, தனியாக இருப்பார்களா என்றும் கேட்டாள். அதற்கும் தெரியாது என்றுதான் சொன்னேன். ஒரு ஆசிரியர் ஒரு பிள்ளையிடம் இத்தனை தெரியாது சொன்னது அதுவே முதல் தடவையாக இருக்கும். அவளுக்கு அதில் கோபம் வரவில்லை. நாலு மணி நேரமானாலும் கேட்டுக்கொண்டே இருந்திருப்பாள்.

இதைத்தான் முதலில் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். சொர்க்கமோ மறுபிறவியோ மறுமையோ, கதையில் வருகிறவர்கள் அவரவர் நம்பிக்கைப்படி மனதாரப் பேசட்டும். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி நீங்கள் பேசாதீர்கள். பிள்ளை உங்கள் வார்த்தையை நம்பிவிடும், அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும், அங்கே ஒரு அம்மாவிடம் காட்டும்.

சிவகாசிக்கு ஃபோன் செய்து இந்த மாதம் இரண்டு நாள் தாமதம் என்றேன். ஜெசிமாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு கோட்டையூர் போனேன். அவள் அம்மா நிலைப்படிக்கு உள்ளே நின்றிருந்தார், வெளியே வரவில்லை. ஜெசிமா வெளியே நின்றாள்.

“பசிக்குதும்மா” என்றாள் ஜெசிமா.

மூன்று வாரத்தில் அவள் அம்மாவிடம் பேசிய முதல் வார்த்தை. அவர் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ச் சோறு போட்டார். எனக்கும் ஒரு தட்டு வைத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஆபீஸ் திரும்பியதும் நெற்குப்பைக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன். ஆச்சி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. முதலில் எழுதிய ஐந்தும் ஆறும் இப்போது ஒட்டாது, அப்பாவைத்தான் நீங்கள் விமானம் ஏற்றிவிட்டீர்களே, புதிதாகத்தான் எழுத வேண்டும் என்றார். பெரியவரைச் சமாளிப்பது என் பாடு. அவருக்கு அப்போது எண்பது வயது, வீட்டிலிருந்தே எல்லாம் கேட்டுக்கொள்வார். ஒரு சாவு இல்லாமல் இத்தனை வருடம் நடத்தியாகிவிட்டது, ஒரு பிள்ளைக்காக ஆயிரம் வீட்டில் பிள்ளைகளை அழவைக்கப் போகிறாயா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தப் பிள்ளை கேட்டதை மட்டும் அப்படியே சொன்னேன், ‘எழுதுனதுக்கப்பறம் வந்தாகளா’ என்று.

“கதையை ஆச்சி பேருல போடு. யாராச்சும் சண்டைக்கு வந்தா ஏம் பேரச் சொல்லு” என்றார். அவர் மனம் மாறியது என்று நான் நினைக்கவில்லை. சட்டம் உடைகிற நேரத்தில் பழியை எனக்கு விடாமல் தன் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு ஆசிரியரிடமிருந்து நான் கற்றுக்கொண்டதில் பெரியது அது. அவரும் இப்போது இல்லை. இதை எழுதும்போது அவர் கையெழுத்தில் ஒரு திருத்தமாவது வந்து விழாதா என்று ஏங்குகிறேன்.

மறுநாள் மதியம் ஆச்சியின் புதிய கடைசிப் பகுதி வந்தது. அதில் தாமரையின் அம்மா மகளை உட்காரவைத்து, வெளிநாட்டுக்குப் போன இடத்தில் அப்பா இறந்துவிட்டார், உன்னிடம் சொல்லப் பயந்து மறைத்துவிட்டோம் என்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் சொன்னது நிஜம் என்றும், அவளோடு பேசாமல் இருந்தது தப்பு என்றும் சொல்கிறார். தாமரை கோபித்துக்கொள்கிறாள், அழுகிறாள். பிறகு ஊரில் ஒவ்வொருவரிடமாகப் போய் அப்பா எங்கே என்று கேட்கிறாள். கோயில் குருக்கள் ஒன்று சொல்கிறார், பள்ளிவாசல் மோதினார் ஒன்று சொல்கிறார், தையல்காரர் எனக்குத் தெரியாது என்கிறார். கடைசியில் தாமரை நோட்டை எடுத்து அப்பாவுக்கு எழுத உட்காருகிறாள். அதோடு நின்றுவிட்டது. என்ன எழுதினாள் என்று கேட்டேன். எனக்குத் தெரியாததை எப்படி எழுதுவது, அந்தப் பக்கத்தைக் காலியாக விடுங்கள், படிக்கிற பிள்ளைகள் எழுதட்டும் என்றார் ஆச்சி. காலிப் பக்கத்தைக் கண்டால் ஆசிரியருக்குக் கை அரிக்கும். அடக்கிக்கொண்டு கோடு போட்டு விட்டேன்.

அந்த வாரமே உரக்கடையிலிருந்து ஃபோன் வந்தது. அவர் இறந்து ஒன்றரை வருடமாகிறது என்று சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு ஃபோன் வருவது நின்றுபோனது. வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது, அது நன்றாக இருந்தது என்று நான் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

இதழ் வந்ததும் சில பெற்றோர் சண்டை போட்டார்கள். ஒரு பள்ளிக்கூடம் இதழே வேண்டாம் என்று எழுதியது. பிள்ளைகளோ அந்தக் காலிப் பக்கத்தில் எழுதி, கிழித்து அனுப்பினார்கள். யாரும் நாங்கள் பயந்த மாதிரி பயந்திருக்கவில்லை. எங்கள் தாத்தா இருக்கிற இடத்தில் சுகர் டெஸ்ட் கிடையாது, ஜிலேபி சாப்பிடலாம் என்று ஒரு பையன். எங்கள் நாய் மணி அங்கே குரைக்கும், ஆனால் கடிக்காது என்று ஒருத்தி. அண்ணா, நீ இந்த வருஷம் அங்கே டென்த், நன்றாகப் படி என்று ஒரு வரி மட்டும் எழுதி, பெயர் போடாமல் ஒன்று. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ இல்லாமல் இருந்திருக்கிறார்கள். இத்தனை வருடம் அவர்களைப் பற்றி எங்களிடம் சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் இடமே விட்டதில்லை.

ஜெசிமாவின் பக்கம் கடைசியாக வந்தது. பெரிய எழுத்தில் நாலே வரி. ‘அத்தா, இனிமே நீங்க வர வேண்டாம். நான் அங்க வாரேன். ஆனா இப்ப இல்ல, எனக்கு வயசானதுக்கப்பறம். அதுவரைக்கும் அம்மாவ நான் பாத்துக்கிறேன்.’

வந்ததிலேயே நல்லதை அடுத்த இதழில் போடுவதாக அறிவித்திருந்தோம். இதைவிட நல்லது வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இது எங்களுக்கு எழுதியது இல்லையே. அவள் அம்மாவுக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னேன். இத்தா முடிந்திருந்தது, நேரில் வருகிறேன் என்றார். மகளோடு மாடி ஏறி வந்தவர், நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தார். படித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிள்ளைக்கு முன்னால் அழக் கூடாது என்று அத்தனை மாதமும் அடக்கி வைத்திருந்திருக்கிறார். ஜெசிமா போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதப் போடாதீக. இது அவுகளுக்கு எழுதுனது” என்றார். சரி என்றேன். கணவரோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்த கோட்டையூர்க்காரர் ஒருவர் வெளிநாட்டில் இருந்தார், அடக்கத்துக்குப் போனவரும் அவர்தான். அந்தப் பக்கத்தை ஜெசிமாவின் அம்மா என் ஆபீஸிலேயே ஃபோனில் படம் எடுத்து அவருக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை கபருக்கு, அதாவது அடக்கிய இடத்துக்கு, போகும்போது அவரிடம் இதைப் படித்துவிடுங்கள் என்று பேசியும் அனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்து ஜெசிமாவே எனக்கு ஃபோன் செய்தாள். அந்தக் கோட்டையூர்க்காரர் படித்துவிட்டாராம், ஆனால் அவளுக்குத் திருப்தி இல்லை. பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் கூச்சப்பட்டு மெதுவாகப் படித்தாராம்.

“எங்க அத்தாவுக்கு ஒரு காது சரியாக் கேக்காது, அத்தை” என்றாள்.

எனக்குள் இருந்த பழைய ஆசிரியை எழுந்து வந்துவிட்டாள். அங்கே போனவர்களுக்குக் காது எல்லாம் சரியாகிவிடும் கண்ணா என்று ஒரு நல்ல வாக்கியம் தயாராக நாக்கில் நின்றது. அதை விழுங்கினேன்.

“அப்பச் சத்தமாப் படிக்கச் சொல்லணும்” என்றேன்.

அவள் அம்மா அதை அப்படியே சொல்லியனுப்பினார். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த மனிதர் வேலையிலிருந்து நேரே மறுபடியும் போய், வேறு கபர்களுக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, நாலு வரியையும் இரண்டு தடவை படித்தாராம்.